குளிர்ப்பக்க பம்ப்

ஜங்லிகாட்
போர்ட் பிளேர்
19.8.2024

ஸ்ரீதருக்கு,

பதினேழு நாள் கழித்து எழுதுகிறேன். உங்கள் நம்பரை ப்ளாக் பண்ணியது அம்மா சொல்லி அல்ல, நானே பண்ணியது. போனில் உங்கள் குரலைக் கேட்டால் இளகிப் போவேன், என்னை எனக்குத் தெரியும். மெசேஜும் வேண்டாம். அனுப்பிவிட்டு அழித்துவிடுகிறீர்கள். மூன்றாம் தேதி காலையில் "உங்கம்மா வீட்டுக்குப் போனா அங்கேயே வந்து வெட்டுவேன்" என்று இருந்தது. மத்தியானம் பார்த்தால் அது இல்லை, அதற்குக் கீழே ஒரு ரோஜாப்பூ மட்டும். அதனால் இனி எதுவானாலும் தாளில் எழுதி அம்மாவின் தையல் கடை விலாசத்துக்குப் போடுங்கள். தாளில் இருப்பதை அங்கிருந்து அழிக்க முடியாது.

ரோஜாப்பூவோடு "அன்னைக்கு என்னமோ நடந்துபோச்சு" என்று அனுப்பியிருந்தீர்கள். என்னமோ இல்லை. ஆகஸ்ட் இரண்டு, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை. மின்னி பே வீட்டு முன்னறையில் நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரில், நான் என் கம்ப்யூட்டரில், மடியில் குழந்தை அலமு. இதை அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் அம்மா ஒச்சம்மாவுக்கு நான் விண்வெளி நிலையத்தை விளக்குகிறேன்.

"அது ஒரு விளையாட்டும்மா. வானத்துல ஒரு ஸ்டேஷன். இருபது முப்பது பேர் அவங்கவங்க வீட்டுல இருந்து விளையாடுவாங்க. ஒருத்தர் சமையல், ஒருத்தர் டாக்டர், நாங்க ஜெனரேட்டர். ஒரு பக்கம் பைப்புல கொதிக்கிற வாயு ஓடும், இன்னொரு பக்கம் வெட்டவெளியில போய் உறைஞ்சு வர்ற வாயு ஓடும். நடுவுல மெஷின். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு கரண்ட். கரண்ட் இல்லன்னா காத்து இல்ல, கதவு திறக்காது, எல்லாரும் செத்துருவாங்க."

"சூடு எங்கேர்ந்து வரும்?"

"கண்ணாடி போட்ட ஒரு அறைம்மா. எரி அறை. பிளாஸ்மாவை உள்ள விட்டுக் கொளுத்துவோம்."

"அதுல யாரைக் கொளுத்தினான்?"

என்னைத்தான் என்றேன். அன்று நீங்கள் சீஃப் என்ஜினியர். குளிர்ப்பக்க பம்பைப் போட மறந்துவிட்டீர்கள். அறை எரிகிறது, கரண்ட் வரவில்லை. நான் எல்லாரும் படிக்கிற பொது ரேடியோவில் எழுதினேன்: "சீஃப், குளிர்ப்பக்க பம்ப் ஆஃப்ல இருக்கு." இருபத்து மூன்று பேர் சிரித்தார்கள். நீங்கள் தீயை அணைத்து, பைப் பார்க்கச் சொல்லி என்னை எரி அறைக்குள் அனுப்பி, வெளியே பூட்டிக் கொளுத்தினீர்கள். என் ஆள் கத்திக்கொண்டே கண்ணாடியைத் தட்டினாள். எரிந்தாள். எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. சாவதற்கு முன் எழுதினேன்: "பம்ப் இன்னும் ஆஃப்லதான் இருக்கு."

அதற்கு அப்புறம்தான் நீங்கள் கீபோர்டைப் பிடுங்கி எடுத்தது. முதல் அடி என் இடது காதில். இரண்டாவது அடிக்கு நான் குனிந்தேன். குனிந்திருக்கக் கூடாது. அலமுவுக்குப் புருவத்துக்கு மேல் மூன்று தையல். பதினாலு மாசக் குழந்தை. கீபோர்டில் "எம்" எழுத்து கழன்று அவள் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு இந்த விளையாட்டைக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது நீங்கள். முதல் பாடம் என்ன? "ஆள் எண்ணு, கதவைப் பூட்டு, அப்புறம் தீ பொருத்து." அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுதா


லாங் ஐலண்ட்
27.8.2024

சுதா கண்ணு,

என்ன இது, லெட்டரா எஃப்.ஐ.ஆரா? தேதி, கிழமை, மணி! வக்கீல் யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதினியா? புருஷனை "நீங்கள்"ங்கற. கல்யாணத்தன்னைக்குக்கூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.

சரி, தாள்தானே வேணும், இந்தா தாள். அன்னைக்குக் கை வழுக்கிருச்சு. நான் டேபிளைத்தான் அடிக்கப் போனேன். நீ நடுவுல தலையை நீட்டினா நான் என்ன செய்யறது. பாப்பாவுக்குப் பட்டதுல எனக்கு மட்டும் வலிக்கலன்னு நினைக்கிறியா? ரெண்டு நாள் சாப்பிடல. உனக்கு அது தெரியாது, நீதான் போயிட்டியே.

ஒண்ணு யோசி. காலேஜ்ல நீ ஃபர்ஸ்ட், நான் ஏழாவது. ஆறு வருஷமா உங்க வீட்டுல எல்லாரும் அதையே சொல்லிட்டிருக்காங்க. விளையாட்டுலயாவது ஒரு இடம் எனக்கு இருக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல? தனியா வாய்ல சொல்லியிருந்தா போட்டிருப்பேன் அந்தப் பம்பை. பக்கத்துல ஒன்றரை அடி தள்ளி உக்காந்திருந்தேன். ரேடியோல எழுதினே.

நீ போனதும் வந்து சேர்ந்த இந்தத் தீவு வேலை அச்சாவா போகுது. சோலார் தகடு பாதி ஏத்தியாச்சு. தங்கறதுக்குக் கான்ட்ராக்டர் ரெண்டு ரூம் வீடு குடுத்திருக்கார், போட்டு நிக்கற ஜெட்டியிலிருந்து பத்து நிமிஷம். டீசல் ஜென்செட் ஓட்ட பெரியதம்பி அண்ணன்னு ஒருத்தர், வயசு ஐம்பத்தெட்டு, கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்து ஆளு, உங்கம்மா ஊர்தான். சொன்னா சொன்னதை அப்படியே செய்வார், ஒரு புள்ளி கூடாது குறையாது. "நடக்கறதெல்லாம் லாக் புக்ல எழுதுங்க"ன்னேன். மறுநாள் திறந்தா: "காலை 7.10 ஜென்செட் ஸ்டார்ட். 7.25 நாய் குரைத்தது. 7.40 ஸ்ரீதர் சார் போனில் யாரையோ திட்டினார்." என்னண்ணே இதுன்னா, "நடந்துச்சுல்ல சார்"ங்கறார். சிரிச்சு சிரிச்சு வயிறு வலி.

வா சுதா. இங்க கூட்டம் இல்ல, சத்தம் இல்ல. உங்கம்மா இல்ல.

உன் ஸ்ரீ


ஜங்லிகாட்
6.9.2024

ஸ்ரீதருக்கு,

கை வழுக்கியது என்றால் ஒரு தடவை வழுக்கும். இரண்டு தடவை வழுக்குமா?

இதை எழுதிவிட்டு மூன்று நாள் தாளைத் தொடவில்லை. கடல் சரியில்லை என்று இரண்டு நாள் போட்டும் ஓடவில்லை, அதனால் தாமதத்துக்கு நான் மட்டும் காரணம் இல்லை. அலமு தூங்கும் மத்தியான ஒரு மணி நேரம்தான் எனக்கு. அதற்குள் எழுத வேண்டும், இல்லையென்றால் விளையாட வேண்டும். ஆமாம், விளையாடுகிறேன். என் தம்பியின் பழைய லேப்டாப்பில், ஒலியை அணைத்துவிட்டு. இடது காதில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆறு வாரத்தில் ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஒலி இருந்தாலும் எனக்குப் பாதிதான் கேட்கும்.

அந்த டாக்டரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தாள், பிடிக்கப் போய் எனக்கும் காதில் அடி. நர்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ரிஜிஸ்டரில் அப்படியே எழுதிக்கொண்டார். தையல் போடும்போது அலமு என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள், ஊசியைப் பார்த்து அல்ல. அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உங்களைக் காப்பாற்றவா, ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கியவள் அடிவாங்குகிறாள் என்று யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்றா?

இப்போது லேப்டாப்பில் நான் எதையாவது தட்டினால் அலமு தூக்கத்திலேயே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரவுண்டில் ஒருவன் கோடாரியை எடுத்துக்கொண்டு சமையலறையில் நாலு பேரை வெட்டினான். ரத்தம் வழிந்த தடத்தோடு ஒருத்தி என் ஜெனரேட்டர் அறைக்குள் ஓடி வந்தாள், புது ஆள். "அக்கா விளக்கை மட்டும் அணைச்சிராதீங்க" என்றாள். அவன் கதவை வெட்டுகிறான். நான் என்ன செய்தேன், சூட்டுப் பக்கத்தை ஏற்றி, கரண்டை அதிகப்படுத்தி, கதவுக் கம்பியில் பாய்ச்சினேன். தொட்டவன் கருகி விழுந்தான். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு அவன் முகம் உங்கள் முகமாகத் தெரிந்தது. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அம்மா சொல்கிறாள்: "திரும்பப் போறதுன்னா சொல்லிட்டுப் போ. உனக்குச் சட்டை தைக்கறதா, கோடி தைக்கறதான்னு நான் தெரிஞ்சுக்கணும்."

உங்களோடு வாழ எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதுதான் என் பயமே. நான் மட்டும் என்றால் என்றைக்கோ போட்டில் ஏறியிருப்பேன். ஒரே கேள்விதான்: அலமுவை உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைக்கலாமா, கூடாதா?

சுதா


லாங் ஐலண்ட்
14.9.2024

சுதா,

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். பாப்பா கையால தலையை மூடிக்கிறதா எழுதியிருந்தியே, அதுக்கு மேல படிக்க முடியாம எழுந்து கரைக்குப் போயிட்டேன்.

வழுக்கல. அடிச்சேன். ரெண்டு தடவை அடிச்சேன். போதுமா? தாள்ல எழுதிட்டேன். இதுக்கு முன்னாடி தீபாவளிக்கு முதல் நாள் அடிச்சதும் நான்தான், நீ கதவுல இடிச்சுக்கல. எங்கப்பா எங்கம்மாவை அடிக்கும்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அந்த ஆள் மாதிரி ஆக மாட்டேன்னு சொல்லித்தான் உன்னைக் கட்டினேன். ஆயிட்டேன். ஆனா மாறிட்டேன் சுதா. ஆறு வாரமா குரலை உசத்தல. பெரியதம்பி அண்ணனைக் கேளு. லாக் புக்லயே இருக்கும்.

ஒரே ஒரு ரவுண்டு விளையாடு என்கூட. இங்க சைட் ஆபீஸ்ல நெட் பரவாயில்ல. வர்ற ஞாயிறு, 22ஆம் தேதி, மத்தியானம் மூணு மணி. நீ சீஃப். நான் உனக்குக் கீழ. நீ சொல்றதைச் செய்வேன். உனக்கும் எனக்கும் நடுவுல கடல் இருக்கு, உனக்கு ஒண்ணும் ஆகாது. என்னைச் சோதிச்சுப் பாரு. அப்புறம் முடிவு பண்ணு.

ஸ்ரீ


ஜங்லிகாட்
24.9.2024

ஸ்ரீ,

"நீ" என்றே எழுதுகிறேன். வருகிறது, எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு எப்படிப்பட்ட ரவுண்டு! உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் மருத்துவப் பகுதியில் குண்டு. டாக்டர் இரண்டு துண்டு. காவலர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு தாழ்வாரம் முழுக்கக் கிடந்தார்கள். நீ அந்தப் பிணங்களைத் தாண்டித் தாண்டி பிளாஸ்மா உருளையை இழுத்து வந்தாய். எரி அறைக்கு முன்னால் நின்று, நான் கேட்காமலே, "ஆள் எண்ணிட்டேன் சீஃப், உள்ளே யாரும் இல்ல" என்றாய். எனக்குக் கல்லூரி லேப் ஞாபகம் வந்தது. நீ என் தோளில் கை வைத்து முதல்முதலில் தீ பொருத்தச் சொன்ன அந்த நாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சோதித்துப் பார் என்றாயே. நீ அந்தப் பக்கம் திரும்பியபோது குளிர்ப்பக்க பம்பை அணைத்தது நான்தான். அணைத்துவிட்டு, பொது ரேடியோவில், எல்லாரும் பார்க்க: "ஸ்ரீதர், குளிர்ப்பக்க பம்பை மறுபடியும் போடலையா? ரெண்டாவது தடவை." சிரித்தார்கள். அன்றைக்கு இருந்த அதே கூட்டம். "பம்பு ஸ்ரீதர்" என்று ஒருவன் பேரே வைத்துவிட்டான்.

வேண்டுமென்றே செய்தேன். அலமு பாயில் தூங்குகிறாள், நான் அவளுக்கு முன்னால் தலையணையை வைத்தேன். நடுவில் கடல் இருக்கிறது என்று தெரிந்தும் வைத்தேன்.

நீ எழுதினாய்: "ஆமா சீஃப். என் தப்பு. போட்டுட்டேன்."

அவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை கூட இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் நாலு நிமிஷம் உன் ஆள் அப்படியே அசையாமல் நின்றான். நெட் போய்விட்டது போல. திரும்பி வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதினாய், "இருக்கேன்" என்று. அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். கடைசிவரை விளக்கு அணையவில்லை, ஸ்ரீ. முப்பது பேரில் பதினொரு பேர் உயிரோடு தப்பித்தோம்.

அம்மா பேசவில்லை. மூன்று நாளாகச் சோறு போடும்போது தட்டை மட்டும் பார்க்கிறாள். பேசாவிட்டால் போகட்டும். அக்டோபர் 10, வியாழக்கிழமை போட்டில் வருகிறோம். வீட்டில் கொசுவலை இருக்கிறதா? ஜன்னலுக்குக் கொக்கி இருக்கிறதா, அலமு இப்போது ஏறுகிறாள். அடுப்பு தரையிலா மேடையிலா? கீபோர்டை அவள் கண்ணில் படாமல் வை, கொஞ்ச நாளைக்கு.

உன் சுதா


லாங் ஐலண்ட்
1.10.2024

எழுதுவது பெரியதம்பி. சொல்லுவது ஸ்ரீதர் சார்.

அன்புள்ள சுதாவுக்கு. கையெழுத்து வேறயா இருக்கேன்னு பயப்படாத. வலது கையில் சின்ன அடி. ஜெட்டியில் வழுக்கி விழுந்துட்டேன். எழுதிட்டீங்களா அண்ணே. எழுதிட்டேன் சார். ஜெட்டின்னே இருக்கட்டும், பேனல் கண்ணாடி பத்தி ஒண்ணும் வேணாம். சரி சார்.

நீ வரேன்னு எழுதினது ரொம்ப சந்தோஷம். வீடு ரெடி. கொசுவலை வாங்கிட்டேன். அடுப்பு மேடையில்தான். ஜன்னலுக்குக் கொக்கி இல்ல, வெளித் தாழ்ப்பாள் மட்டும் வாசல் கதவுக்குப் புதுசாப் போட்டிருக்கேன். அண்ணே அது வேணாம். எது சார். தாழ்ப்பாள். சரி சார்.

பாப்பாவைப் பார்க்கணும்னு துடிச்சுக்கிட்டிருக்கேன். அப்புறம் என்ன எழுதறது. பம்பை நீயே அணைச்சதைப் பத்தி எனக்குக் கோபமே இல்ல, விளையாட்டுதானே. எழுதியாச்சா. ஆச்சு சார். பாருங்கண்ணே, எப்படிப்பட்ட பொம்பளை. தானே அணைச்சுட்டு என் மேல போடறா. ஊருக்கே நான் பம்பு ஸ்ரீதர். அன்னைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு "என் தப்பு"ன்னு அடிச்சேன் பாருங்க, அந்தக் கையாலதான் பேனலைக் குத்தினேன். ரெண்டு விரல் போச்சு. ஆறு தையல். அது பேனல்ல விழ வேண்டிய குத்தே இல்ல. வியாழக்கிழமை வரட்டும். இங்க கத்தினா யாருக்குக் கேக்கும். ஒரு காதுதானே போச்சு. சார், வண்டி எடுக்கணும். ஜல்தி முடிச்சிரலாம். இதெல்லாம் எழுதல இல்ல நீங்க. நீங்க சொல்றதைத்தான் சார் எழுதறேன்.

கவனமா வா. பாப்பாவுக்குத் தொப்பி போட்டுக் கூட்டிட்டு வா, கடல் காத்து. இப்படிக்கு உன் அன்பு ஸ்ரீ. படிச்சுக் காட்டவா சார். வேணாம், போட்டுக்கு நேரமாச்சு, ஒட்டுங்க. லீவுல போர்ட் பிளேர்தானே போறீங்க, கையிலேயே குடுத்துருங்க. சரி சார். குடுத்துடறேன்.


ஜங்லிகாட்
7.10.2024

ஸ்ரீதருக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதம் கைக்கு வந்தது. பெரியதம்பி அண்ணன் கடை வாசலில் நின்றுகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சார் சொன்னதுல ஒரு எழுத்து விடல புள்ள" என்றார். நான் படித்து முடிக்கும்வரை அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள், இருவரும் கச்சால் தோட்டத்தில் எந்த லயத்து வீடு, எந்த டிவிஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

அவரைத் தேட வேண்டாம். லாங் ஐலண்டுக்கு அவர் திரும்பவில்லை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. நீங்கள் சொல்லி வைத்தபடி, நடந்ததையெல்லாம் எழுதினார்.

அந்த நாலு நிமிஷம் நெட் போனது என்று நினைத்தேனே. உங்கள் ஆள் அசையாமல் நின்றபோது நான் இங்கே சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் அங்கே கண்ணாடிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தீர்கள். இடது கையால் "இருக்கேன்" என்று அடித்தீர்கள். உண்மைதான், இருக்கிறீர்கள், அப்படியே இருக்கிறீர்கள். நான் வைத்த சோதனை அசிங்கமானது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மனுஷனை அப்படிக் கிள்ளிப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்தக் குத்து எனக்கும் அலமுவுக்கும் வைத்திருந்தது, கிள்ளாமல் விட்டிருந்தால் வேறொரு நாள் வேறொரு பம்புக்கு வந்திருக்கும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ். "குழந்தை கட்டிலிலிருந்து விழவில்லை" என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, ரிஜிஸ்டரை எடுத்து, "மெதுவா சொல்லுங்க, எல்லாத்தையும் எழுதிக்கறேன்" என்றார். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். உங்கள் இரண்டு கடிதங்களும், அண்ணன் கையெழுத்தில் வந்த மூன்றாவதும் அவர்களிடம் இருக்கின்றன. "அடிச்சேன், ரெண்டு தடவை அடிச்சேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தது பெரிய உதவி.

வியாழக்கிழமை ஜெட்டிக்கு வராதீர்கள். டிக்கெட்டைக் கிழித்துவிட்டேன். மற்றதை இனி அவர்கள் உங்களிடம் பேசுவார்கள்.

அம்மா நேற்று பேசினாள். "அலமுவுக்கு ரெண்டு கவுன் வெட்டியிருக்கேன். என்ன கலர் நூல்?" என்றாள். மஞ்சள் என்றேன்.

கல்லூரியில் நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. ஆள் எண்ணிவிட்டேன். அலமு வெளியே. நான் வெளியே. பெரியதம்பி அண்ணன் வெளியே. கதவை இந்தப் பக்கத்திலிருந்து பூட்டிவிட்டேன்.

சுதா